கேஸ் மாத்திரையும் தொலைந்த சாவியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். முப்பது வருஷம் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். என் கையாலேயே எண்ணிக் கொடுத்த மாத்திரையைப் பற்றிய கேள்வி இது. நிதானமாகப் பேசுவோம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 66 வயது. எட்டு வருஷமாகத் தினமும் பான் 40 (பான்டோபிரசோல்) என்ற கேஸ் மாத்திரை போடுகிறார். போன மாசம் மோட்டார் கொட்டகைச் சாவியை எங்கே வைத்தார் என்று தெரியாமல் இரண்டு நாள் வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை. மகன் சென்னையிலிருந்து போன் பண்ணி, “அந்த மாத்திரை மறதி நோயைக் கொண்டுவருமாம், உடனே நிறுத்தச் சொல்லு” என்கிறான். நிறுத்தட்டுமா ஐயா?
– வாசகி, பாகூர்

பதில்: இன்றைக்கு நிறுத்த வேண்டாம் அம்மா. சாவிக்கும் மாத்திரைக்கும் முடிச்சுப் போடவும் வேண்டாம். ஆனால் உங்கள் மகன் வெறும் வதந்தியைச் சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2016-ல் ஜெர்மனியில் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டின் பதிவேடுகளை ஆராய்ச்சியாளர்கள் புரட்டினார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 73,679 பேர். இந்த வகை மாத்திரையை விடாமல் சாப்பிட்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு, சாப்பிடாதவர்களைவிட 44 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. உலகம் முழுக்கச் செய்தி பரவியது. 2023-ல் அமெரிக்காவில் 5,712 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வந்தது. மொத்தக் கணக்கில் 4.4 வருஷத்துக்கு மேல் போட்டவர்களுக்கு 33 சதவீதம் கூடுதல் என்றது. அதைவிடக் குறைந்த காலம் போட்டவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை.

அதே 2023-ல் இன்னொரு ஆய்வும் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 65 வயது கடந்த 18,934 பேர். அதில் மாத்திரைக்கும் மறதிக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. இது மட்டும் ஏனோ நம் ஊர்வரை வந்து சேரவில்லை.

இவை எல்லாமே, யார் மாத்திரை போடுகிறார்கள், யார் போடவில்லை என்று பார்த்துக் கணக்கெடுத்தவை. 2019-ல் வெளிவந்த ஆய்வு வேறு ரகம். 33 நாடுகளில் 17,598 இதய நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜமான பான்டோபிரசோல் 40 மில்லிகிராம். மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்த டாக்டருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. சுமார் மூன்று வருஷம் இப்படியே போனது. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது மறதி நோயில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. குடல் தொற்று மட்டும் மாத்திரை போட்டவர்களிடம் கொஞ்சம் கூடுதல்: அங்கே 1.4 சதவீதம், இங்கே 1.0. மறதி நோய் மெல்ல முளைப்பது, அதற்கு மூன்று வருஷம் குறைந்த காலம்தான். அந்தக் குறையை வைத்துக்கொண்டுகூட, என்னிடம் எந்த ஆய்வுக்கு எடை அதிகம் என்று கேட்டால் இதற்குத்தான்.

ஆக, மாத்திரை மறதியைத் தருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் எட்டு வருஷமாக எதற்காகப் போடுகிறார்? முதலில் யார் எழுதிக் கொடுத்தார்? எத்தனை நாளைக்கு என்று எழுதினார்? உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்த எட்டு வருஷம்தான், சாவி இல்லை.

கேள்வி: 44 சதவீதம் என்றால் மாத்திரை போடும் நூறு பேரில் 44 பேருக்கு மறதி நோய் வரும் என்றுதானே அர்த்தம்?
– வாசகர், திருபுவனை

பதில்: இல்லை. சாப்பிடாத நூறு பேரில் பத்துப் பேருக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தின் மேல்தான் 44 சதவீதம். பத்து என்பது பதினாலு, பதினைந்து ஆகும். அந்தக் கூடுதலுக்கும் மாத்திரைதான் காரணமா என்பது தனிக் கேள்வி.

புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் காலை ஏழு மணிக்கு நிற்பவர்களைக் கணக்கெடுத்தால், ஊரில் உள்ளவர்களைவிட அவர்களிடம் நோய் பல மடங்கு இருக்கும். ஜிப்மருக்குப் போனதால் நோய் வந்தது என்று யாராவது சொல்வார்களா? கேஸ் மாத்திரையும் அப்படித்தான். அதைப் போடுகிறவர்களிடம் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி மாத்திரை, பருத்த வயிறு, மனச்சோர்வு எல்லாம் கூடவே இருக்கும். அவற்றில் பல தாமாகவே மூளையைத் தொடக்கூடியவை. எது ஆடு, எது அதன் நிழல் என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

கேள்வி: காலையில் டீ குடித்துவிட்டுப் போட்டால் வேலை செய்யுமா?
– வாசகர், கூடப்பாக்கம்

பதில்: பாதி வேலைதான் செய்யும். வயிற்றுச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு வரும்போதுதான் அவை முழு மூச்சில் ஓடும். ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்தால் அடைக்க முடியும். எனவே மருந்து முதலில் ரத்தத்தில் ஏறிக் காத்திருக்க வேண்டும், சாப்பாடு அதற்குப் பிறகு வர வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். “மாத்திரை கேட்கவே இல்லை” என்று இரண்டு வேளையாக ஏற்றிக்கொண்டவர்களில் பலர், நேரம் தப்பிப் போட்டவர்கள்தான்.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். இந்த மருந்து மூளைக்குள் நேரடியாகப் போய் ஏதாவது செய்யுமா சார்?
– மாணவி, கிருமாம்பாக்கம்

பதில்: நல்ல கேள்வி அம்மா. 2020-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வகத்தில், நினைவுக்குத் தேவையான அசெட்டைல்கோலின் என்ற பொருளைத் தயாரிக்கும் நொதியை இந்த மருந்துகள் தடுப்பதாகக் கண்டார்கள். அது ஆய்வகக் குழாயில் நடந்தது. மனிதரிடம் நடந்த சோதனையில் என்ன ஆனது என்பதை மேலே பாகூர் வாசகிக்குச் சொல்லியிருக்கிறேன். குழாயில் நடப்பதெல்லாம் மண்டைக்குள் நடக்க வேண்டும் என்றில்லை. ஆனால் இந்தக் கேள்வியை விடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. சுத்த சைவம். பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ஆறு வருஷமாகக் கேஸ் மாத்திரை. இப்போது அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறார். பேரன் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார். தரையில் கால் வைத்தால் பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறதாம், நாக்கு எரிகிறதாம். வயசானால் இப்படித்தான் என்கிறார்கள். அப்படித்தானா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: அப்படி இல்லை. தயவுசெய்து இந்த வாரமே ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். மறதியோடு காலில் மரமரப்பும் நாக்கு எரிச்சலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு என் அம்மா நினைவு வந்துவிட்டது.

அவருக்கும் அப்போது 70. வாசலில் இருபத்தொரு புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவார், ஒரு இடத்தில்கூட இழை தப்பாது. ஒரு மார்கழிக் காலையில் புள்ளியெல்லாம் வைத்துவிட்டு, கையில் மாவோடு அப்படியே நின்றார். எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை. ஒரு கிளினிக்கில் காட்டினோம். “வயசு, அவ்வளவுதான்” என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொருவர்தான் பி12 பார்க்கச் சொன்னார். பாதாளத்தில் இருந்தது. ஊசி போட ஆரம்பித்தோம். நாலு மாசத்தில் கோலம் திரும்பி வந்தது. மாசாமாசம் அவருக்குக் கேஸ் மாத்திரை அட்டையை வாங்கிக் கொடுத்தது நான்தான். எதற்காக என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சாப்பாட்டில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். வருஷக்கணக்கில் அமிலத்தை அடக்கினால் பிரிப்பது குறையும். மெட்ஃபார்மின் இன்னொரு பக்கம் குடலில் உறிஞ்சுவதைக் குறைக்கும். சைவம் என்றால் உள்ளே வருவதே கொஞ்சம், பால் தயிரில் கிடைப்பதுதான். உங்கள் அம்மாவுக்கு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. கல்லீரலில் சேமிப்பு சில வருஷங்களுக்குக் காணும் என்பதால், வெளியே தெரியும்போது ஆரம்பித்த இடம் யாருக்கும் நினைவிருக்காது. 2013-ல் கலிஃபோர்னியாவில் பி12 குறைந்த 25,956 பேரை ஆராய்ந்தார்கள். அந்தக் குறை இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, இரண்டு வருஷத்துக்கு மேல் இந்த வகை மாத்திரை போட்ட பழக்கம் இவர்களிடம் கணிசமாகக் கூடுதலாக இருந்தது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த மறதி பெரும்பாலும் திரும்பும், சீக்கிரம் பிடித்தால். தாமதித்தால் நரம்புச் சேதம் தங்கிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாத்திரையாகவோ ஊசியாகவோ தரும் பி12 புரதத்தோடு ஒட்டாதது, அதை உறிஞ்ச அமிலம் தேவையில்லை. அதனால் கேஸ் மாத்திரை அவசியமானவர்கள்கூட இந்தக் குறையைச் சரிசெய்துகொள்ளலாம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, மீன், நெத்திலி, ஈரல் எல்லாம் உதவும். ஆனால் குறை வந்த பிறகு சாப்பாட்டை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

ரத்தம் எடுக்கும்போதே தைராய்டு, சோடியம், மெக்னீசியம் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். நீண்ட நாள் கேஸ் மாத்திரையால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, படபடப்பு, குழப்பம் எல்லாம் அதிலும் வரும்.

கேள்வி: மச்சான் சாயங்காலம் சாராயக் கடைக்குப் போகுமுன் ஒரு கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். “வயிறு புண்ணாகாது” என்கிறார். இப்போது முந்தாநாள் நடந்தது நினைவில்லை, நடக்காத கதையை நடந்ததாகச் சொல்கிறார். மாத்திரையால்தானே?
– வாசகர், மங்கலம்

பதில்: மாத்திரையை விடுங்கள், சாராயத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பது அவசரம். தினமும் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவருக்கு தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போகும். அது வற்றினால் மூளையில் நினைவைப் பதிக்கும் இடமே கெடும். நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய் அல்ல. காலியான இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. நடை தள்ளாடுவது, கண் ஆடுவது, குழப்பம் ஏதாவது சேர்ந்திருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போனதும் “தினம் குடிக்கிறவர்” என்று சொல்லுங்கள், மறைக்காதீர்கள். அப்போதுதான் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போட வேண்டும் என்பது அவர்களுக்கு நினைவு வரும். குளுக்கோஸ் முதலில் ஏறினால் இருக்கிற கொஞ்சநஞ்ச தயமினும் கரையும்.

குடியை வீட்டில் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். அதையும் மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். கேஸ் மாத்திரை சாராயத்துக்குக் கவசம் இல்லை. அமிலத்தை மட்டும்தான் அது குறைக்கும். கல்லீரலையும் மூளையையும் காக்க அதனால் ஆகாது. நம் புதுச்சேரியில் சாராயம் லைசென்சோடு வெளிப்படையாகக் கிடைக்கிறது, அதனால் அதை யாரும் நோயாக நினைப்பதில்லை. கொம்யூனுக்குக் கொம்யூன் நான் பார்த்த மறதிகளில் இதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

கேள்வி: அப்பாவுக்கு 69. ஏப்பம், வயிறு உப்பலுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக நாங்களே மெடிக்கலில் அட்டையைக் காட்டி வாங்குகிறோம். இப்போது சின்ன எட்டாக நடக்கிறார், முகத்தில் சிரிப்பே இல்லை, கை நடுங்குகிறது, பேச்சும் மந்தம். மறதி நோயா, பார்க்கின்சனா?
– வாசகர், கரிக்கலாம்பாக்கம்

பதில்: அட்டையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். பான்டோபிரசோல் அல்லது ராபிப்ரசோல் என்ற பெயருக்குக் கீழே இரண்டாவதாக ஒரு பெயர் இருக்கிறதா? அது லெவோசல்பிரைடு என்றால், நாளைக்கே அந்த அட்டையோடு மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் உரக்கச் சொல்ல வேண்டியதும் சொல்லாமல் விட்டதுமான விஷயம் இது. எல்லாரும் பயப்படுவது முதல் பெயருக்கு. ஆபத்து பல நேரம் இரண்டாவது பெயரில் இருக்கிறது. லெவோசல்பிரைடு முதலில் மனநோய்க்கு வந்த மருந்து வகையைச் சேர்ந்தது. குடல் அசைவைத் தூண்டும் என்பதால் கேஸ் மாத்திரையோடு சேர்த்து விற்கிறார்கள். மூளையில் டோபமைனை மறிக்கும். வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் போலவே நடுக்கம், விறைப்பு, மந்தம் எல்லாம் கொண்டுவரும். அமெரிக்காவில் இதற்கு அனுமதியே இல்லை. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு அப்படியே தங்கிவிடுகிறது. இதைத் தெரியாமல் பார்க்கின்சனுக்கு மேலும் ஒரு மாத்திரையை ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அட்டையில் டோம்பெரிடோன் என்று இருந்தால் அது வேறு. நினைவைவிட இதயத் துடிப்புக்கு அது சிக்கல். பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் அதையும் வருஷக்கணக்கில் போடுகிறோம்.

குளோர்டயசெபாக்சைடு என்ற பெயர் இருந்தால் இன்னும் உஷார். வயிற்றுப் பிசைவுக்குக் கொடுக்கும் சில கூட்டு மாத்திரைகளில் இருக்கும். அது தூக்க மாத்திரைக் குடும்பம். கூடவே கிளிடினியம், டைசைக்ளோமின் போன்றவை இருக்கும். மூளையில் நினைவுக்கு உதவும் அசெட்டைல்கோலினை அடக்குகிற வகை அவை. முதியவர் மந்தமாகிறார், தடுமாறுகிறார், விழுகிறார், இடுப்பு ஒடிகிறது. வயிற்று மாத்திரையால் மறதி வருமா என்று ஊரே கேட்கிறது. இந்தக் கூட்டு மாத்திரைகளைப் பற்றிக் கேட்டிருந்தால் என் பதில் “வரும்” என்பதே. குளோர்டயசெபாக்சைடு உள்ள மாத்திரையைப் பல நாள் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கேள்வி: நானே நிறுத்திப் பார்த்தேன். நாலாம் நாள் நெஞ்சு பற்றி எரிந்தது. அப்படியானால் எனக்கு மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தேவை என்றுதானே பொருள்?
– வாசகர், சேதராப்பட்டு

பதில்: அவசியம் இல்லை. அமிலத்தை அடக்கி வைத்திருக்கும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. அமிலம் சுரக்கச் சொல்லும் ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். மாத்திரையை நிறுத்தியதும் அடைத்த மதகைத் திறந்தது மாதிரி பாயும். டென்மார்க்கில் 2009-ல் வெளிவந்த ஆய்வில், வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத 120 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அதன் பிறகு நெஞ்செரிச்சல், புளியேப்பம் போன்ற தொல்லை வந்தது. வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 15 சதவீதம்தான். நோயே இல்லாதவர்களுக்கு மாத்திரையை விட்டதால் நோய் வந்தது! நாலாம் நாள் எரிச்சலைப் பார்த்து “எனக்கு இது இல்லாமல் ஆகாது” என்று பழையபடி ஆரம்பித்தவர்கள் எத்தனை பேரோ.

வழி இருக்கிறது. மருத்துவரிடம் சொல்லி 40-ஐ 20 ஆக்குங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு தேவைப்படும் நாளில் மட்டும். இடையில் எரிந்தால் ஜெலுசில் போன்ற திரவ மருந்து, அல்லது ஃபமோடிடின். சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினால் பலருக்கு அடங்கிவிடும்.

ஆனால் சிலர் நிறுத்தக் கூடாது. வயிற்றுப் புண்ணிலிருந்து ஒரு முறையாவது ரத்தம் கசிந்தவர்கள், இதயத்துக்கு ஆஸ்பிரினும் கூட இன்னொரு ரத்தம் உறையா மருந்தும் சாப்பிடும் முதியவர்கள், மூட்டுவலி மாத்திரையைத் தினமும் போடுகிறவர்கள், உணவுக்குழாய் அமிலத்தால் வெகுவாகப் புண்ணானவர்கள். இவர்களுக்கு மாத்திரை உயிர்க் காவல். மறதி பயத்தில் நிறுத்தி ரத்த வாந்தியோடு வந்தவர்களைப் பற்றி நினைத்தால் இன்னமும் மனசு பதறுகிறது. குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் மட்டும், கேஸ் மாத்திரை ஓமிப்ரசோலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும் என்று 2009-லேயே எச்சரிக்கை வந்தது. பான்டோபிரசோலில் அந்தச் சிக்கல் குறைவு.

கேள்வி: பழைய ரேனிடிடின் மாத்திரைக்கே திரும்பிவிடலாமா?
– வாசகி, அரியூர்

பதில்: வேண்டாம். அதில் புற்றுநோய் அபாயமுள்ள என்டிஎம்ஏ என்ற பொருள் உருவாவது 2019-ல் தெரிந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா முழுவதுமாக அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. ஃபமோடிடினில் அந்தப் பிரச்சினை இல்லை. சிறுநீரகம் சரியில்லாத முதியவருக்கு அதுவும் குழப்பம் தரலாம், அளவைக் குறைத்துத்தான் எழுதுவார்கள்.

கேள்வி: மாத்திரை இல்லாமல் எதுக்களிப்பைக் குறைக்க வீட்டில் என்ன செய்யலாம்?
– வாசகி, கன்னியக்கோவில்

பதில்: ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். நாத்து நட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்து, ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுக்கிறவருக்கு இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் மதியச் சாப்பாட்டைப் பெரிதாக்கி ராத்திரியைச் சின்னதாக்குங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும்தான் மடங்கும், வயிறு இன்னும் அழுந்தும். இடது பக்கமாகப் படுங்கள். அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் இறுக்கமாக இருக்க வேண்டாம். வெறும் வயிற்றில் மூன்று டீ, புகையிலை போட்ட வெற்றிலை, பீடி எல்லாம் எரிச்சலுக்கு உறவுக்காரர்கள். காலையில் பழைய சோறும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஊறுகாயையும் பச்சை மிளகாயையும் உங்கள் வயிறு என்ன சொல்கிறதோ அதன்படி வையுங்கள்.

இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் போலிருக்கிறது: நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு வாங்கல், வலி இடது தோளுக்கோ தாடைக்கோ போவது – இது கேஸ் இல்லை. சோடா குடித்து, மாத்திரை போட்டு, ஏப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை வீட்டில் ஆள் போயிருக்கிறார்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விழுங்கும்போது அடைப்பது, எடை குறைவது, மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, இவையும் மெடிக்கல் கடையில் தீர்க்கிற விஷயம் இல்லை.

கேள்வி: எந்த மறதிக்குப் பயப்பட வேண்டும்?
– வாசகர், வில்லியனூர்

பதில்: திருக்காமீஸ்வரர் கோவில் தேர் எந்தத் தேதி என்று மறந்து, பேத்தி சொன்னதும் “ஆமாம் ஆமாம்” என்றால் பயமில்லை. நாற்பது வருஷம் நடந்த தேரடி வீதியில் நின்றுகொண்டு வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் உடனே காட்டுங்கள். காசை எண்ணுவதில் தடுமாற்றம், சொன்னதையே அரை மணி நேரத்தில் மூன்று முறை சொல்வது, சமையல் வரிசை மாறுவது, குணமே மாறுவது, இவையும் அப்படித்தான். நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பலரைக் குடும்பம் “வயசு” என்றே விட்டுவிடுகிறது.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தம், பார்வைக் குறை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, தலைக்காயம், தனிமை எல்லாம் அதில் உண்டு. கேஸ் மாத்திரை இல்லை. காது கேட்காத அப்பாவுக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுப்பதும், பைக்கில் போகிற மகன் ஹெல்மெட் போடுவதும், கண்புரையை ஆபரேஷன் செய்துகொள்வதும் நினைவுக்குச் செய்யும் வேலைதான்.

கேள்வி: எனக்கு 74 வயது. தனியாக இருக்கிறேன். நாலு டாக்டர், ஒன்பது மாத்திரை. எது எதற்கென்று எனக்கே தெரியவில்லை. எங்கே போய் என்ன கேட்பது?
– வாசகி, பாகூர்

பதில்: அம்மா, வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போடுங்கள். பழைய ஓ.பி. சீட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம், பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே எழுதித் தருவார்கள். உள்ளே போனதும் பையை மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றையும் காட்டி, “இது எதுக்கு, இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று மட்டும் கேளுங்கள். பதிலை அங்கேயே யாரிடமாவது சொல்லி அட்டையின் மேல் பேனாவால் எழுதி வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடைச் சூரணம், பக்கத்து வீட்டு அக்கா “எனக்கு நல்லா கேட்டுச்சு” என்று கொடுத்த அரை அட்டை, அதையும் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.